மூடுபனிக்குள் சீழ்க்கை ஒலி: கொல்கத்தாவில் வலசைப் பறவைகளைக் கணக்கெடுப்பது எப்படி?

கொல்கத்தா: ஜனவரி மாத அதிகாலையில் சாந்த்ராகாச்சி ஏரிக்கரையில் நிற்பவருக்குப் பறவைகள் உடனே கண்ணில் படுவதில்லை. முதலில் அவற்றின் ஒலிதான் வந்து சேர்கிறது. நீர்ப்பரப்பை மூடிய வெண்பனிக்குள்ளிருந்து மெல்லிய சீழ்க்கை ஓயாமல் எழுந்துகொண்டிருக்கும். ஆயிரக்கணக்கான வாத்துகள் அங்கே இருக்கின்றன என்பது தெரியும். ஆனால் எத்தனை ஆயிரம் என்று சொல்ல வேண்டிய பொறுப்புடன் தொலைநோக்கியையும் குறிப்பேட்டையும் எடுத்து வந்தவருக்கு அந்த ஒலி மட்டும் போதாது.

ஆண்டுதோறும் குளிர்காலத்தின் நடுவில் மேற்கு வங்க வனத்துறையினரும் பறவை ஆர்வலர் அமைப்பினரும் மாநிலத்தின் நீர்நிலைகளில் பறவைகளை எண்ணுகின்றனர். ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்னும் பெரும்பணியின் ஒரு பகுதி இது. 1987-ஆம் ஆண்டு இந்தியத் துணைக்கண்டத்தில் தொடங்கிய இந்தக் கணக்கெடுப்பு, 1967 முதல் உலக அளவில் நடைபெற்று வரும் பன்னாட்டு நீர்ப்பறவைக் கணக்கெடுப்பின் அங்கமாகும். வெட்லண்ட்ஸ் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இதனை ஒருங்கிணைக்கிறது. இந்தியாவில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் உடன் நிற்கிறது. களத்தில் இறங்கி எண்ணுவோரில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தன்னார்வலர்கள்.

கணக்கெடுப்புக்கு ஜனவரி மாதம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. வடக்கிலிருந்து வந்து சேர வேண்டிய பறவைகள் வந்து முடிந்திருக்கும். திரும்பிச் செல்லும் பயணம் இன்னும் தொடங்கியிருக்காது. பறவைகள் ஓரிடத்தில் நிலைகொண்டிருக்கும் அந்தச் சில வாரங்களில் எண்ணினால்தான் ஒரே பறவையை இரண்டு ஊர்களில் எண்ணிவிடும் தவறு குறையும். ஆனால் வங்கத்தில் பனி மிகுதியாக இறங்குவதும் அதே வாரங்களில்தான்.

பனி எங்கிருந்து வருகிறது?

குளிர்கால இரவில் வானம் தெளிந்திருந்தால் நிலம் தன் வெப்பத்தை விரைவாக இழக்கும். தரையை ஒட்டிய காற்றும் அதனுடன் சேர்ந்து குளிரும். அந்தக் காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அது நுண்ணிய நீர்த்துளிகளாக மாறி மிதக்கத் தொடங்கும். கொல்கத்தாவுக்கு ஈரத்தைத் தர வங்கக் கடல் அருகிலேயே இருக்கிறது. ஹூக்ளி ஆறும் நூற்றுக்கணக்கான குளங்களும் தம் பங்குக்குச் சேர்க்கின்றன. வடமேற்கிலிருந்து வரும் மேற்கத்திய இடையூறு ஒன்று மழை தூவிக் கடந்த பின், காற்று அடங்கிய மறுநாள் விடியலில் பனி இன்னும் அடர்த்தியாகும். நகரப் புகையும் தூசியும் கலந்துவிட்டால் வெயில் ஏறிய பின்னரும் அது எளிதில் விலகுவதில்லை.

பார்வைத் தொலைவு 1,000 மீட்டருக்குக் கீழே குறைந்தால் அதனை மூடுபனி என்று இந்திய வானிலை ஆய்வுத்துறை வகைப்படுத்துகிறது. 200 மீட்டருக்குக் கீழே சென்றால் அடர் பனி. 50 மீட்டருக்கும் கீழே என்றால் மிக அடர் பனி. சாந்த்ராகாச்சி ஏரியின் பரப்பு ஏறத்தாழ 13 ஹெக்டேர். அடர் பனி நாளில் ஒரு கரையில் நிற்பவருக்கு ஏரியின் மறுகோடி தெரிய வாய்ப்பே இல்லை. நடுவில் ஆகாயத்தாமரைத் திட்டுகளில் அமர்ந்திருக்கும் கூட்டம் சாம்பல் நிறப் புள்ளிகளாகத் தோன்றி மறையும்.

கொல்கத்தாவின் ஜனவரி நடுப்பகுதியில் சூரியன் காலை 6.20 மணி அளவில் உதிக்கிறது. பனி இல்லாத நாளில் அடுத்த ஒரு மணி நேரத்திலேயே எண்ணும் பணியைத் தொடங்கிவிடலாம். பனி நாளில் காத்திருக்க வேண்டும். எவ்வளவு நேரம் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. இதற்கிடையே தொலைநோக்கியின் கண்ணாடியில் ஈரம் படியும். துடைத்தால் மீண்டும் படியும். மையால் எழுதிய குறிப்பு கரையும் என்பதால் அனுபவமுள்ளவர்கள் பென்சிலையே கொண்டு வருகின்றனர்.

சைபீரியப் பறவைகளா?

சாந்த்ராகாச்சி ஏரி கொல்கத்தா நகருக்குள் இல்லை. ஹூக்ளி ஆற்றின் மறுகரையில், ஹவுராவில், சாந்த்ராகாச்சி ரயில் நிலையத்தை ஒட்டி அமைந்துள்ளது. தென்கிழக்கு ரயில்வேக்குச் சொந்தமான நீர்நிலை இது. ஒருபுறம் தண்டவாளங்கள், அருகிலேயே கோனா விரைவுச் சாலை, சுற்றிலும் குடியிருப்புகள். இப்படியோர் இடத்தைப் பறவைகள் ஏன் விரும்புகின்றன என்று முதன்முறை பார்ப்பவருக்கு வியப்பு எழும்.

குளிர்காலம் வந்தாலே இங்கு 'சைபீரியப் பறவைகள் வந்துவிட்டன' என்று செய்தி பரவுவது வழக்கம். இது பாதி உண்மைதான். ஏரியில் பெரும்பான்மையாகக் காணப்படுவது சீழ்க்கைச் சிறகி என்னும் சிறிய வாத்து. வங்காளத்தில் இதனைச் சரால் என்று அழைக்கின்றனர். இது சைபீரியாவிலிருந்து வருவதன்று. தெற்கு ஆசியாவையும் தென்கிழக்கு ஆசியாவையும் வாழிடமாகக் கொண்ட, நீர்வளத்தைத் தேடி உள்நாட்டுக்குள்ளேயே இடம் மாறும் பறவை. தமிழ்நாட்டின் ஏரிகளிலும் இதனைக் காணலாம். இமயத்துக்கு அப்பாலிருந்து உண்மையிலேயே நெடும்பயணம் செய்து வருபவை ஊசிவால் வாத்து, கருவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன் போன்றவை. இவை எண்ணிக்கையில் சிறுபான்மை. ஆயினும் கணக்கெடுப்பாளரின் கவனம் பெரும்பாலும் இவற்றின் மீதே இருக்கும். ஆயிரம் சிறகிகளுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும் பத்து ஊசிவால் வாத்துகள் கண்ணில் படாமல் போனால், அந்த ஏரிக்கு அந்த ஆண்டு ஊசிவால் வாத்து வரவில்லை என்றே பதிவாகிவிடும்.

சீழ்க்கைச் சிறகியின் அன்றாட வழக்கம் எண்ணுவோருக்கு ஒரு வகையில் உதவுகிறது. இரவெல்லாம் வயல்களிலும் சதுப்புகளிலும் இரை தேடிவிட்டு, விடியும் வேளையில் ஏரிக்குத் திரும்பிப் பகல் முழுவதும் ஓய்வெடுக்கும் பறவை இது. எனவே பகலில் கூட்டமாக ஓரிடத்தில் கிடைக்கும். ஆனால் விடியலில் எண்ணத் தொடங்கினால், இன்னும் திரும்பாத கூட்டம் கணக்கில் விடுபடும். பனி நாளில் எந்தக் கூட்டம் எப்போது இறங்கியது என்பதே தெரியாது. தலைக்கு மேலே சிறகோசை கேட்கும். நீரில் சலசலப்பு கேட்கும். வந்தது இருபதா, இருநூறா?

ஒவ்வொன்றாக எண்ண முடியுமா?

சில நூறு பறவைகள் என்றால் ஒவ்வொன்றாக எண்ணுவதே முறை. விசையை அழுத்த அழுத்த எண் கூடும் கைக்கருவியை இதற்குப் பயன்படுத்துகின்றனர். ஆயிரங்களைத் தொடும்போது அது இயலாது. அப்போது கூட்டத்தின் ஒரு பகுதியில் பத்து, ஐம்பது அல்லது நூறு பறவைகளைக் கவனமாக எண்ணி, அவை எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதைக் கண்ணில் பதித்துக்கொள்வர். பின்னர் அதே அளவுள்ள கட்டங்கள் முழுக் கூட்டத்திலும் எத்தனை அடங்கும் என்று கணிப்பர். நெல் களத்தில் ஒரு மரக்கால் அளந்துவிட்டு, குவியலைப் பார்த்து மொத்தத்தைச் சொல்லும் பெரியவர்களின் கணக்கும் ஏறக்குறைய இதுதான்.

கட்டம் போட்டு எண்ணுவதில் இரண்டு இடறல்கள் உண்டு. ஒன்று, கூட்டம் எங்கும் ஒரே அடர்த்தியில் இருக்காது. நடுவில் நெருங்கியும் ஓரங்களில் சிதறியும் இருக்கும். ஓரத்தில் எடுத்த கட்டத்தை நடுவுக்கும் பொருத்தினால் எண்ணிக்கை குறையும். மற்றொன்று, பெரிய கூட்டங்களைப் பார்க்கும் மனிதக் கண் பொதுவாகக் குறைத்தே மதிப்பிடுகிறது. கூட்டம் பெரிதாகப் பெரிதாக இந்தப் பிழையும் பெருகும் என்பது கணக்கெடுப்பு நடத்துவோர் நன்கறிந்த செய்தி. அதனால்தான் ஒரே கூட்டத்தை இருவர் தனித்தனியே, ஒருவர் எண்ணை மற்றவர் கேட்காமல், எண்ணி முடித்த பின் ஒப்பிடும் வழக்கம் உள்ளது. இரண்டு எண்களும் மிகவும் விலகியிருந்தால் மீண்டும் எண்ண வேண்டும்.

தெளிந்த வெயிலிலேயே இவ்வளவு சிக்கல் என்றால், பனியில் இன்னொன்றும் சேர்கிறது. நிறம் போய்விடும். தட்டைவாயனின் பச்சைத் தலையும், நீலச்சிறகி ஆண் பறவையின் வெண்புருவமும் தெரியாது. எல்லாமே கருநிழல்கள். அப்போது உருவத்தைக் கொண்டே இனத்தை அறிய வேண்டியுள்ளது. ஒல்லியான நீண்ட கழுத்தும் கூரிய வாலும் தெரிந்தால் ஊசிவால் வாத்து. முன்பக்கம் கனத்து, அகன்ற அலகை நீரோடு நீராக வைத்து நீந்தினால் தட்டைவாயன். உடல் மிகச் சிறிதாகவும் அலகு குட்டையாகவும் இருந்தால் குள்ளத்தாரா. இவற்றில் எதுவும் உறுதியாகத் தெரியாவிட்டால் 'இனம் அறியப்படாத வாத்து' என்று எழுதுவதற்கு இடம் உண்டு. புதியவர்கள் அதனை எழுதத் தயங்குவர். தமக்குத் தெரியவில்லை என்று ஆகிவிடுமே என்ற கூச்சம். உண்மையில், ஊகித்து எழுதிய பெயரைவிட அந்த ஒரு வரிதான் பின்னாளில் தரவை ஆராய்பவருக்குப் பயன்படுகிறது.

பருந்து வந்தால் கதையே மாறும். சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று நீர்மேல் தாழப் பறந்தவுடன் மொத்தக் கூட்டமும் எழும்பிச் சுற்றிவிட்டு வேறிடத்தில் இறங்கும். பாதி எண்ணிய நிலையில் இது நடந்தால், எண்ணியவையும் எண்ணாதவையும் கலந்துவிடும். தொடக்கத்திலிருந்து மீண்டும் எண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை.

இல்லாததும் தெரியாததும்

மோசமான வானிலையில் எடுத்த கணக்கினால் உண்மையான தீங்கு களத்தில் நிகழ்வதில்லை. பல ஆண்டுகள் கழித்து, அட்டவணையைப் பார்க்கும்போது நிகழ்கிறது.

எடுத்துக்காட்டாக, ஓர் ஏரியில் 3,000 வாத்துகள் மூன்று திட்டுகளில் சமமாக அமர்ந்துள்ளன என்று வைத்துக்கொள்வோம். பனியால் ஒரு திட்டு மறைந்துவிடுகிறது. கணக்கெடுப்பாளர் தாம் கண்ட 2,000 வாத்துகளைப் பதிவு செய்கிறார். அவர் பொய் எதுவும் எழுதவில்லை. ஆனால் அடுத்த ஆண்டு வானம் தெளிந்து, 2,700 வாத்துகள் எண்ணப்படுகின்றன. உண்மையில் 300 குறைந்துள்ளது. அட்டவணையோ 700 கூடியதாகக் காட்டும். 'ஏரியின் நிலை மேம்பட்டது' என்று அறிக்கை வரும். சரிவைக் கவனிக்க வேண்டிய ஆண்டில் பாராட்டு கிடைக்கும்.

இதனாலேயே கணக்கெடுப்புப் படிவத்தில் பறவைகளின் எண்ணிக்கையோடு அன்றைய வானிலை, எண்ணிய நேரம், ஏரியின் எந்தப் பகுதி பார்க்கப்பட்டது, எந்த முறையில் எண்ணப்பட்டது ஆகியவற்றையும் குறிக்க வேண்டும். 'எண்ணினோம், ஒன்றும் இல்லை' என்பதற்கும் 'எண்ணவே இயலவில்லை' என்பதற்கும் உள்ள வேறுபாடு மிக முக்கியமானது. முதலாவது சுழியம், இரண்டாவது வெற்றிடம். வெற்றிடத்தில் சுழியத்தை எழுதிவிட்டால் இல்லாத ஓர் அழிவை எழுதியதாகிவிடும். பறவை ஆர்வலர்கள் தம் பட்டியல்களைப் பதிவேற்றும் இ-பேர்டு தளத்திலும் எவ்வளவு நேரம் பார்த்தனர், எவ்வளவு தொலைவு நடந்தனர், கண்ட எல்லா இனங்களையும் எழுதினரா என்ற கேள்விகள் கட்டாயமாகக் கேட்கப்படுவது இதே காரணத்தால்தான்.

2023-ஆம் ஆண்டு வெளியான 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை, சுமார் 30,000 பறவை ஆர்வலர்கள் அளித்த 3 கோடி பதிவுகளை அடிப்படையாகக் கொண்டது. 942 இனங்கள் அதில் மதிப்பிடப்பட்டன. 178 இனங்களுக்கு உயர் முன்னுரிமையுடன் பாதுகாப்புத் தேவை என்று கண்டறியப்பட்டது. நெடுந்தொலைவு வலசை வரும் பறவைகள் மற்றவற்றைவிடக் கூடுதலாகச் சரிந்துள்ளன என்பது அதன் முக்கிய முடிவுகளுள் ஒன்று. ஒரு பனிக்காலையின் பிழை இவ்வளவு பெரிய தொகுப்பில் கரைந்துவிடும். ஒற்றை ஏரியின் வரலாற்றில் அது கரைவதில்லை. அங்கே ஆண்டுக்கு ஓர் எண்தான்.

சந்தையே கணக்கேடாக இருந்த காலம்

கொல்கத்தாவில் நீர்ப்பறவைகளைக் கணித்துப் பார்ப்பது புதிய பழக்கமன்று. ஆனால் பழங்காலத்தில் அதற்கு ஏரிக்கரையில் பனியில் நிற்க வேண்டிய தேவை இருக்கவில்லை. பறவைகள் கூடையில் வந்தன.

1841-ஆம் ஆண்டு கொல்கத்தா ஆசியக் கழகத்தின் அருங்காட்சியகப் பொறுப்பாளராக வந்த எட்வர்டு பிளைத், நகரச் சந்தைகளில் விற்பனைக்கு வந்த பறவைகளிலிருந்தே பல மாதிரிகளைச் சேகரித்தார். அரை நூற்றாண்டுக்குப் பின், 1890-களில், இந்திய அருங்காட்சியகத்தில் பணியாற்றிய ஃபிராங்க் ஃபின் குளிர்காலம்தோறும் சந்தைக்குச் சென்று வேடர்கள் கொண்டுவரும் வாத்துகளைக் கவனித்தார். கிழக்கு ஆசியாவைச் சேர்ந்ததாகக் கருதப்பட்ட பேயர் பொச்சார்டு என்னும் முக்குளிக்கும் வாத்து வங்கத்துக்கும் வருகிறது என்பது அவ்வாறு சந்தையில் கிடைத்த பறவைகளைக் கொண்டே தெரியவந்தது. இன்று அந்த வாத்து உலக அளவில் அற்றுப்போகும் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

அதே சந்தையில் அவ்வப்போது விலைக்கு வந்த இன்னொரு பறவை இளஞ்சிவப்புத் தலை வாத்து. 1935-ஆம் ஆண்டு பீகாரின் தர்பங்காவில் கிடைத்ததற்குப் பின் அதனைப் பற்றி ஐயமற்ற சான்று எதுவும் இல்லை. அது எந்த ஆண்டு முதல் குறையத் தொடங்கியது என்று இன்று யாராலும் கூற முடியாது. காரணம் எளிது: அதன் வாழிடங்களில் ஆண்டுதோறும் முறையாக எண்ணியவர் எவரும் இல்லை. சந்தைக்கு வந்தவற்றின் குறிப்புகள் உண்டு. சதுப்பில் எஞ்சியவற்றின் குறிப்புகள் இல்லை. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. அதற்குள் நெடுங்காலம் கடந்துவிட்டது.

கொல்லாமல் எண்ணுவது என்ற எண்ணமே அமெரிக்காவில் 1900-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்றுதான் ஓர் இயக்கமாக உருப்பெற்றது. அந்நாளில் வேட்டையாடி மகிழும் வழக்கத்துக்கு மாற்றாக ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர் கணக்கெடுப்பை முன்மொழிந்தார். முதல் ஆண்டில் 27 பேர் 25 இடங்களில் எண்ணினர். உறைபனியிலும் பனிப்புயலிலும் அந்தக் கணக்கெடுப்பு இன்றுவரை தொடர்கிறது.

எண்ணிக்கையைப் பொறுத்தே முடிவுகள்

சாந்த்ராகாச்சியில் ஒவ்வோர் ஆண்டும் எழும் முதல் கேள்வி ஆகாயத்தாமரையைப் பற்றியது. செடி முழுவதும் படர்ந்துவிட்டால் வாத்துகள் இறங்குவதற்குத் திறந்த நீர் இருக்காது. முழுவதும் அகற்றிவிட்டால் ஓய்வெடுக்கத் திட்டு இருக்காது. எனவே பறவைகள் வருவதற்கு முன்பே, மழைக்காலம் முடிந்தவுடன், பெரும்பகுதியை நீக்கிவிட்டுத் தீவுகளைப் போலச் சில திட்டுகளை மட்டும் விட்டுவைக்க வேண்டும். எவ்வளவு விடுவது, எந்த வடிவில் விடுவது என்பதற்கு முந்தைய ஆண்டுகளின் எண்ணிக்கையே வழிகாட்டி. அந்த எண் பனியால் பிழையாகியிருந்தால், சரியாகச் செய்த பணி தவறென்று கைவிடப்படலாம். தவறாகச் செய்தது சரியென்று தொடரலாம்.

இரண்டாவது கழிவுநீர். சுற்றுப்புறக் குடியிருப்புகளிலிருந்து ஏரியில் கழிவுநீர் கலப்பது குறித்த வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. யார் செலவில், யார் நிலத்தில் சுத்திகரிப்பு நிலையம் அமைப்பது என்ற பேச்சு ரயில்வேக்கும் மாநில அமைப்புகளுக்கும் இடையே நீண்டது. அத்தகைய வாதங்களில் பறவைகளுக்காகப் பேச வருபவரிடம் இருக்கும் ஒரே சான்று ஆண்டுதோறும் எடுத்த கணக்கு.

நகரில் முன்னுதாரணமும் உண்டு. 1876-இல் திறக்கப்பட்ட அலிப்பூர் உயிரியல் பூங்காவின் குளத்துக்கு ஒரு காலத்தில் குளிர்கால வாத்துகள் பெருங்கூட்டமாக வந்தன. இப்போது அந்தக் கூட்டம் இல்லை. சுற்றிலும் எழுந்த உயர்ந்த கட்டடங்கள் பறவைகள் இறங்கும் வழியை அடைத்துவிட்டன என்பது பறவை ஆர்வலர்கள் பொதுவாகக் கூறும் விளக்கம். அங்கிருந்து விலகிய கூட்டத்துக்குச் சாந்த்ராகாச்சி புகலிடமானது என்றும் கூறுகின்றனர்.

உலக அளவிலும் எண்ணுக்கு அதிகாரம் உண்டு. ஈரநிலங்களுக்கான ராம்சர் உடன்படிக்கையின்படி, 20,000 நீர்ப்பறவைகளை வழக்கமாகத் தாங்கும் இடமோ, ஓர் இனத்தின் மொத்த எண்ணிக்கையில் 1 விழுக்காட்டை வழக்கமாகத் தாங்கும் இடமோ பன்னாட்டு முக்கியத்துவம் பெறத் தகுதியுடையது. ஓர் இடம் அந்த எல்லைக்கோட்டுக்குச் சற்று மேலேயா, கீழேயா என்பதைப் பனி விலகிய ஒரு மணி நேரம் தீர்மானிக்கக்கூடும். ஒரே ஆண்டின் எண்ணைக் கொண்டு முடிவெடுக்காமல் பல ஆண்டுகளின் சராசரியைக் கேட்பது இதனால்தான்.

கொல்கத்தாவின் கிழக்கு எல்லையில் 12,500 ஹெக்டேரில் பரந்துள்ள கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் 2002 ஆகஸ்ட் 19 அன்று ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டின் கோடியக்கரை சேர்க்கப்பட்டதும் அதே நாளில்தான். நகரின் கழிவுநீரைப் பேரி எனப்படும் மீன்பண்ணைக் குளங்களில் விட்டு, வெயிலும் பாசியும் அதனைத் தூய்மையாக்க, அதிலேயே மீன் வளர்க்கும் அரிய ஏற்பாடு இது. அதன் மதிப்பை உலகுக்கு எடுத்துரைத்தவர் 2018-இல் மறைந்த துருபஜோதி கோஷ். இங்கே கணக்கெடுப்பு வேறு வகையில் கடினமானது. ஒரே ஏரி இல்லை; வரப்புகளால் பிரிந்த எண்ணற்ற குளங்கள். மீன் பிடிப்பதற்காக ஒரு குளத்தின் நீரை வடித்தால் அங்கே உள்ளான்களும் கொக்குகளும் குவியும். மறுவாரம் அவை வேறொரு குளத்தில் இருக்கும். பனியில் ஒரு வரப்பிலிருந்து அடுத்த வரப்பைப் பார்க்க முடியாதபோது, ஒரே கூட்டத்தை இரு குழுக்கள் எண்ணிவிடுவதும் நேரும், இரண்டும் எண்ணாமல் விடுவதும் நேரும்.

ஒத்திவைப்பதா, காத்திருப்பதா?

பனி என்றால் வேறொரு நாளில் எண்ணலாமே என்ற கேள்வி இயல்பானது. ஆசியக் கணக்கெடுப்பின் முக்கிய நாள்கள் ஜனவரியின் இரண்டாவது, மூன்றாவது வார இறுதிகளில் அமைந்தாலும், அந்த மாதத்தின் பிற நாள்களில் எடுத்த கணக்கும் ஏற்கப்படுகிறது. ஆயினும் பல நீர்நிலைகளில் ஒரே நாளில் எண்ணுவதன் பயனே வேறு. சாந்த்ராகாச்சியில் சனிக்கிழமை எண்ணிவிட்டு அருகிலுள்ள இன்னொரு நீர்நிலையில் அடுத்த சனிக்கிழமை எண்ணினால், இடையில் இடம் மாறிய கூட்டம் இரு கணக்கிலும் ஏறலாம். தன்னார்வலர்களுக்கு விடுமுறை நாளும் வேண்டும். வனத்துறையினருக்குப் படகும் ஆளும் வேண்டும். நாளை மாற்றுவது சொல்வதுபோல எளிதன்று.

தமிழ்நாட்டில் இதே சிக்கல் வேறு முகத்தில் வருகிறது. வனத்துறை நடத்தும் ஒருங்கிணைந்த கணக்கெடுப்பில் நீர்ப்பறவைகள் ஜனவரி வாக்கில் எண்ணப்படுகின்றன. பள்ளிக்கரணையிலும் வேடந்தாங்கலிலும் தை மாதப் பனி சில காலைகளில் தடையாகலாம். ஆனால் அங்கே பெரிய குழப்பத்தை உண்டாக்குவது முன்பே பெய்த மழைதான். வடகிழக்குப் பருவமழை மிகுந்த ஆண்டில் எல்லாக் கண்மாய்களும் நிறைந்திருக்கும். பறவைகள் நூறு இடங்களுக்குப் பிரிந்துவிடும். வழக்கமாக எண்ணும் ஏரியில் எண்ணிக்கை சரியும். வறண்ட ஆண்டில் எஞ்சிய ஒரே ஏரியில் எல்லாம் கூடிவிடும், எண் ஏறும். மழை பொய்த்த ஆண்டில் 'பறவைகள் பெருகின' என்ற தலைப்பு வருவதுண்டு.

பனி விலகாத நாளுக்கு அனுபவமுள்ள குழுக்களிடம் ஒரு மாற்று வழி இருக்கிறது. சீழ்க்கைச் சிறகிகள் அந்தி சாய்ந்ததும் இரை தேடப் புறப்படும். அந்த வேளையில் கரையின் வெவ்வேறு பக்கங்களில் நின்று, வானத்தில் கடந்து செல்லும் ஒவ்வொரு கூட்டத்தையும் அது சென்ற திசையோடு எண்ணிக் குறிக்கலாம். வெளிச்சம் மங்கும் முன் கிடைப்பது குறுகிய நேரம்தான். நீரில் அமர்ந்திருக்கும் வாத்துகளைக் காலை 9 மணிக்கு ஒருமுறையும், புறப்படும் வாத்துகளை மாலையில் ஒருமுறையும் எண்ணி இரண்டையும் ஒப்பிட்டால், காலையில் பனி மறைத்தது எவ்வளவு என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும். ஆனால் ஏரியிலேயே தங்கிவிடும் பிற வாத்துகளுக்கு இந்த வழி உதவாது. அவற்றுக்குப் பகல் வெளிச்சமே தேவை.

ஆளில்லா வானூர்தியைப் பறக்கவிட்டுப் படமெடுத்து எண்ணலாம் என்ற யோசனையும் உண்டு. தாழப் பறக்கும் கருவியைப் பருந்தென்று எண்ணிக் கூட்டம் கலைவதற்கு வாய்ப்பு மிகுதி. பனிக்குள் அதன் கண்ணும் மனிதக் கண்ணைவிட அதிகமாகக் காண்பதில்லை. எனவே இப்போதைக்குக் கரையில் நின்று காத்திருப்பவர்களே கணக்கெடுப்பாளர்கள். வெயில் ஏறி, பனி நீரிலிருந்து சற்றே உயர்ந்து, முதல் திட்டின் விளிம்பு தெரியத் தொடங்கும்போது இடது கோடியிலிருந்து எண்ணத் தொடங்குகின்றனர். படிவத்தின் வானிலைக் கட்டத்தில் 'பனி, 8.40 வரை எண்ண இயலவில்லை' என்பதுபோல ஒரு வரி ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கும்.